கேஷ், காசு: ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

புதுவரவு | 3 மார்ச், இரவு 9.12

ஆங்கில "கேஷ்" நம்ம "காசு"விலிருந்து போனதுன்னு ஒரு படம் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. அங்கே கேஷியர், இங்கே காசாளர். ஆனால் எந்த ஆங்கில அகராதியைத் திறந்தாலும் "லத்தீன், பெட்டி" என்றுதான் போட்டிருக்கிறது. தமிழை மறைக்கிறார்களா, இல்லை நாம்தான் இழுத்துப் பிடிக்கிறோமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்புக்காசு | 3 மார்ச், இரவு 10.05

யாரும் மறைக்கவில்லை. நல்ல பெரிய ஆங்கில அகராதியில் கேஷ் என்ற தலைச்சொல் இரண்டு முறை வரும். முதலாவது, கையில் இருக்கும் ரொக்கம். மூலம் லத்தீன் காப்சா, அதாவது பெட்டி. இரண்டாவது, இந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் சீனாவிலும் புழங்கிய குறைந்த மதிப்புள்ள நாணயம். மூலம் போர்த்துக்கீசிய கைஷா வழியாகத் தமிழ்க் காசு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருக்கிற இரண்டு தனிச் சொற்கள்.

படத்தைத் தயாரித்தவர் முதல் பதிவை மட்டும் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறார். நமக்கு உரிமையான பதிவு அதற்கு அடுத்ததாகவே இருக்கிறது.

ரொக்க ஏடு | 4 மார்ச், காலை 6.48

பெட்டிக் கதை கணக்கு எழுதுகிறவர்களுக்கு நன்றாகப் புரியும்.

இத்தாலிய வணிகர்கள் பணப்பெட்டியைக் கஸ்ஸா என்றார்கள். 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலில் இரட்டைப் பதிவு முறைக்கு ஒரு பகுதி உண்டு. அங்கே ரொக்கக் கணக்கின் பெயரே கஸ்ஸாதான். முதலாளி தன் கைப்பணத்தை எழுதும் முதல் பதிவு "பெர் கஸ்ஸா, ஆ காவெதால்". பெட்டி பற்று, மூலதனம் வரவு.

பிளஸ் ஒன்னில் "உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை" என்று மனப்பாடம் செய்துவிட்டு, பணம் வரும்போது ஏன் பற்று எழுதுகிறோம் என்று எல்லாருமே குழம்புவார்கள். காரணம் இந்தப் பெட்டிதான். பெட்டியை ஓர் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 போட்டால் அது உங்களுக்கு 100 தர வேண்டும், ஆகவே அது கடனாளி, அதன் பெயரில் பற்று. 30 எடுத்தால் அது 30 திருப்பித் தந்துவிட்டது, வரவு. மீதி 70 பெட்டியிடம் இருக்கிறது. ரொக்க ஏட்டில் பற்று இருப்பு மட்டுமே வரும், வரவு இருப்பு வரவே வராது என்பதும் இதனால்தான்: இல்லாத பணத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. வரவு இருப்பு காட்டினால் எங்கேயோ ஒரு ரசீது ஏறவில்லை, அல்லது ஒரு செலவு இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டியதுதான்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தது 1498 மே. பச்சோலி நூல் அதற்கு நான்கு ஆண்டு முன்னது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, வெனிஸ் வணிகர்களிடம் ஏற்கெனவே இருந்த வழக்கத்தை எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

புதுவரவு | 4 மார்ச், காலை 8.20

சரி சார். ஆனால் போர்த்துக்கீசியருக்கு முன்னாலேயே ரோமானியர் நம்மோடு வணிகம் செய்தார்களே. முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் வந்தவர்கள் "காசு"வை அப்போதே கொண்டுபோயிருக்கலாம் அல்லவா?

ரொக்க ஏடு | 4 மார்ச், பகல் 1.15

கொண்டுபோயிருந்தால் லத்தீனில் அந்தச் சொல் பணம் என்ற பொருளில் முதலில் தென்பட வேண்டும். காப்சா லத்தீனில் பெட்டி மட்டுமே. ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைக்கிற உருளை வடிவப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர் அதிகம் வருகிறது. 'கொள்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையோடு அதைச் சேர்த்துக் காட்டுகிறார்கள்; கொள்வது, கொள்கலம் மாதிரி. பணப் பொருள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து இத்தாலியில் ஏறுகிறது.

அந்தப் பெட்டிக்கு இன்னும் பிள்ளைகள் உண்டு. கேப்சூல் சின்னப் பெட்டி. கேசட்டும் சின்னப் பெட்டிதான், பிரெஞ்சு வழியாக வந்தது. லாரிக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் அதே குடும்பம். கண்ணாடிக் கூட்டுக்குச் சொல்லும் கேஸும் அதே. கோர்ட்டு கேஸ் மட்டும் வேறு, அது 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் காஸுஸ்.

இந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் நாணயத்தோடு தொடர்பு இல்லை, எல்லாவற்றுக்கும் பெட்டியோடு, சட்டகத்தோடு தொடர்பு இருக்கிறது. மூலம் காசாக இருந்தால் இது நடக்காது.

செப்புக்காசு | 4 மார்ச், இரவு 9.40

இதோடு 1598 என்ற ஆண்டையும் பாருங்கள். அந்த ஓராண்டில் லண்டனில் இரண்டு புத்தகம் வெளியானது.

ஒன்று, ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலிய–ஆங்கில அகராதி. கஸ்ஸா என்ற சொல்லுக்கு விளக்கமாக, பெட்டி என்று எழுதிவிட்டு, வணிகரின் கேஷ் என்றும் சேர்க்கிறார். அங்கே கேஷ் என்றால் கல்லாப்பெட்டி.

இன்னொன்று, டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜாவாவில் கைஷா என்ற செப்பு நாணயம் தவிர வேறு பணம் இல்லை, நடுவில் ஓட்டை இருக்கும், கயிற்றில் 200 அல்லது 1000 கோத்து வைப்பார்கள் என்று எழுதுகிறார்.

பெட்டி ஒரு நூலில், நாணயம் ஒரு நூலில். இரண்டும் சந்திக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை 1611. மதராஸ் 1639. ஆங்கிலேயன் சோழமண்டலக் கரையில் காலை வைக்கும் முன்பே அவன் ஊரில் கேஷ் என்று பெட்டிக்கும் ரொக்கத்துக்கும் பெயர் இருந்தது. "ஆங்கிலேயர் இங்கிருந்து கொண்டுபோன சொல்" என்கிற வாதம் இந்த ஆண்டுக் கணக்கிலேயே நின்றுபோகிறது.

யாழ்வாசி | 5 மார்ச், அதிகாலை 5.30

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிறதில ஒரு அதிசயமும் இல்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகையளில "படம் கல்லா கட்டியது" எண்டு போடுறீங்கள்தானே? கல்லா எண்டது கடைக்காரற்ற பெட்டி, ஹிந்தி கல்லா. கட்டினது பெட்டியோ, பணமோ? பணம். இத்தாலிக்காரன் செய்ததும் இதைத்தான்.

எங்கட பக்கம் மேசை இழுப்பறைக்கு லாச்சி எண்டு பேர், அது டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது. கடையில "லாச்சியில எவ்வளவு கிடக்கு" எண்டு கேட்டால் எண்ணிச் சொல்லுறது காசைத்தான். நாங்கள் பணம் எண்டதைவிடக் காசு எண்டுதான் கூடச் சொல்லுறது. சிங்களத்திலயும் நாணயத்துக்குக் காசி எண்டுதான் பேர்.

நாஞ்சில் | 5 மார்ச், காலை 7.02

உண்டியல் நேர் எதிர்த் திசையில் போனது. ஹுண்டி என்றால் பணம் மாற்றும் சீட்டு. அது தமிழில் சீட்டாகவும் இருந்து, பிறகு கோயில் பெட்டியாகவும் ஆனது. இலங்கையில் உண்டியல் என்றால் இன்றும் வெளிநாட்டிலிருந்து கைமாற்றாகப் பணம் அனுப்புவதுதானே அண்ணாச்சி?

யாழ்வாசி | 5 மார்ச், காலை 7.10

ஓம், அதேதான்.

செப்புக்காசு | 5 மார்ச், இரவு 10.22

இப்போது நம் சொல்லின் பாதை. இதற்கும் ஆண்டுகள் உறுதியாக இருக்கின்றன.

1510-இல் ரோமில் அச்சான வர்த்தேமாவின் பயண நூலில், விஜயநகர நாட்டில் காஸ் என்ற நாணயம் 16 சேர்ந்தால் தாரம் என்ற இன்னொரு நாணயம் ஒன்று என்று வருகிறது. கோழிக்கோடு பற்றிச் சொல்லும்போது குரங்கின் விலை 4 காஸே என்று எழுதுகிறார். இத்தாலியரான அவர், தன் மொழியில் இருக்கிற கஸ்ஸாவோடு இதை இணைக்கவில்லை. ஊர் நாணயத்தின் பெயர் என்று தனியாகவே சொல்கிறார். இரண்டு சொல்லையும் அறிந்த ஒரு காது அவற்றை வேறுவேறாகக் கேட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

பிறகு போர்த்துக்கீசியர். அவர்கள் எழுத்தில் காசு கைஷா ஆகிறது. போர்த்துக்கீசிய மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! அதே லத்தீன் காப்சாவின் வழிவந்த சொல். புதிதாகக் கேட்ட நாணயப் பெயரைத் தங்களுக்குப் பழகிய பெட்டிச் சொல்லின் உருவத்தில் எழுதிவிட்டார்கள். இரண்டு சொற்களும் முதன்முதலாக ஒரே உடையில் நின்றது ஆங்கிலத்தில் அல்ல, போர்த்துக்கீசியத்தில். அந்தக் கைஷாவை ஆங்கிலேயர் தங்களிடம் இருந்த கேஷோடு சேர்த்து எழுதினார்கள். மொழி மாறியும் அதே ஒட்டு இரண்டாம் முறை விழுந்தது.

நாஞ்சில் | 6 மார்ச், காலை 6.35

ஸ எப்படி ஷ ஆனது என்பதற்கு மலையாளத்தைப் பாருங்கள். அங்கே காசு அல்ல, காஶ். கடைசி உகரம் பாதி, நடுவில் வருவது ஷ-வை ஒட்டிய ஒலி. போர்த்துக்கீசியர் முதலில் வந்து தங்கியது மலபார்க் கரை: கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர். அங்கே கேட்டதைத்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. நாகப்பட்டினத்தில் கேட்டிருந்தால் ஷ-வுக்கு வேலை இல்லை.

சீர்தளை | 6 மார்ச், பிற்பகல் 3.50

காசு முதலில் நாணயமா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. குறுந்தொகை 67-ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார். கிளி தன் வளைந்த அலகில் ஒளிரும் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காக, கூரிய நகத்தின் நுனியில் ஒருவர் பிடித்திருக்கும் "பொலங்கல ஒருகாசு" போல. பொன் அணியில் சேரும் ஒரு மணி. வேப்பம்பழத்தின் உருண்டை வடிவத்தையும் மஞ்சளையும் நினைத்துப் பாருங்கள். தட்டையான நாணயத்தைவிட மணிக்கே பொருந்துகிறது. சிலர் பொற்காசு என்றும் உரை சொல்வார்கள், ஆனால் நூலில் கோக்கிற பொருள் என்பது பாட்டிலேயே இருக்கிறது. காசுமாலை இன்றும் அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

யாப்பிலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச் சீர் நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் முடியும்: நாள், மலர், காசு, பிறப்பு. நேர் அசையை அடுத்துக் குற்றியலுகரம் வந்தால் காசு. "பொருள்சேர் புகழ்புரிந்தார் மாட்டு" என்ற குறளில் மாட்டு, காசு. நிரை அசையை அடுத்து வந்தால் பிறப்பு. முதல் குறளின் "உலகு" அப்படி. புதிதாக வெண்பா எழுதுகிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்: "ஆடு" என்று முடித்தால் காசு, "அது" என்று முடித்தால் மலர். அதுவில் இருப்பது முற்றியலுகரம், இரண்டு குறிலும் சேர்ந்து ஒரே நிரை அசை ஆகிவிடும்.

புதுவரவு | 6 மார்ச், மாலை 6.05

அகராதிக்காரர்கள் காசுவையே சமஸ்கிருத கர்ஷம் என்கிறார்களே, அது?

சீர்தளை | 6 மார்ச், இரவு 8.30

கர்ஷம் ஒரு எடை. கார்ஷாபணம் அந்த எடையை ஒட்டிய நாணயம். பாலியில் கஹாபணம், சிங்களத்தில் கஹவணு. ஆங்கிலோ–இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் அகராதி வெளியிட்ட யூலும் பர்னலும் காசுவைக் கர்ஷத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் காசு 1431-ஆம் பதிவு. கர்ஷத்தை ஒப்பிடுக என்று கடைசியில் மட்டும் குறிப்பு. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாவற்றிலும் சொல் இருக்கிறது. நீலகிரியில் கோத்தர் மொழியிலும் தோடர் மொழியிலும் அது ரூபாயைக் குறிக்கிறது.

என் பார்வையில் கர்ஷ வாதத்தின் பலவீனம் அந்த மணிதான். எடைப் பெயர் நாணயப் பெயராவது உலக வழக்கம். எடைப் பெயர் அணியில் கோக்கிற மணிக்குப் பெயராவதற்கு வழி காட்ட வேண்டும். மணி முதலில், பொன் துண்டு பிறகு, நாணயம் அதற்கும் பிறகு என்று வைத்தால் படி தவறாமல் ஏறலாம்.

செப்புக்காசு | 7 மார்ச், காலை 7.25

மதிப்பு இறங்கிய கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம், அரைக் கழஞ்சு எடை. 12 அக்கம் ஒரு காசு. பெரிய கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்ததில் ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வட்டி 12.5 சதவீதம். அந்தப் பொன் காசுதான் கம்பெனிக் காலத்தில் செம்பின் கடைசிப் படிக்கு வந்து நின்றது. ராஜராஜன் வெளியிட்ட செப்புக்காசில், ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆளும் நாகரி எழுத்தும் இருக்கும். அந்த அமைப்பைத்தான் ஈழத்தில் பராக்கிரமபாகு முதலானவர்கள் பின்பற்றினார்கள்.

யாழ்வாசி | 7 மார்ச், காலை 9.00

அண்ணை, அந்தக் கடைசி வரியில ஒரு திருத்தம். நிற்கிற ஆள், இருக்கிற ஆள் அமைப்பு முதல் வந்தது ஈழத்துப் பொன் கஹவணுவில. சோழர் இங்க வந்த பிறகு அதைப் பார்த்துத்தான் தங்கட காசில போட்டவை. பராக்கிரமபாகு காலத்தில அது செம்பில திரும்ப இங்க வந்தது. இல்லாட்டி நாணயத்தைக் காலவரிசையில அடுக்கேக்க பிழைக்கும்.

செப்புக்காசு | 7 மார்ச், காலை 9.20

சரிதான், அப்படியே வைத்துக்கொள்வோம்.

புதுவரவு | 8 மார்ச், இரவு 8.45

கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்) என்று ஒரு பழைய வாய்பாடு பார்த்தேன். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு?

செப்புக்காசு | 8 மார்ச், இரவு 9.30

1818-இல் மதராஸ் ரூபாய்க்கு மாறியபோது 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு வராகன் 42 × 80 = 3360 காசு. அதை 3.5-ஆல் வகுத்தால் ஒரு ரூபாய்க்கு 960 காசு, அதாவது 12 பணம். ரூபாய்க்கு 192 பை என்பதால் ஒரு பைக்கு 5 காசு.

42 பணம் என்பது கம்பெனியின் கணக்குப் புத்தக விகிதம். பஜாரில் நாணயம் மாற்றும் சராப்புகள் வராகனுக்கு எத்தனை பணம் கொடுப்பார்கள் என்பது ஏறும், இறங்கும். பழைய கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும் படிக்கும்போது 42-ஐ வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டால் தொகை இடிக்கும். முதலில் அது கணக்கு விகிதமா, பஜார் விகிதமா என்று பாருங்கள்.

நாஞ்சில் | 9 மார்ச், காலை 6.15

அந்த 960-ஐத் தெற்கே கொண்டுவந்துவிடாதீர்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு, அதாவது 456. இரண்டுக்கும் நடுவில் 8 காசு வித்தியாசம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் வெறும் "ரூபாய்" என்று இருந்தால் எந்த ரூபாய் என்று பார்க்காமல் கூட்டக் கூடாது. சர்க்கார் (திருவிதாங்கூர்) ரூபாயா, பிரிட்டிஷ் ரூபாயா என்று பக்கத்தில் ஒரு சொல் பெரும்பாலும் இருக்கும்.

புதுக்கோட்டை அம்மன் காசு வேறு கணக்கு. 20 சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்த காசு.

செப்புக்காசு | 9 மார்ச், இரவு 10.10

நம் சொல் ஆங்கிலத்தில் ஏறியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கம்பெனியின் 20 காசு நாணயத்தைக் கையில் எடுங்கள். பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து மதராஸுக்கு அனுப்பியது. ஆண்டு 1803 அல்லது 1808. எடை 9 கிராமுக்குச் சற்று மேல். முன்பக்கம் கம்பெனியின் சின்னம், கீழே ஆண்டு. பின்பக்கம் மேலே பாரசீக எழுத்து, அடியில் ரோம எண்ணில் இருபதும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லும்.

அந்தப் பாரசீக வரியைப் படியுங்கள்: "பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்", இருபது காஸ் நான்கு ஃபுலூஸ். ஒரே பக்கத்தில் மேலே காஸ், கீழே கேஷ். பாரசீகக்காரருக்குப் பெட்டிச் சொல்லோடு குழம்ப வாய்ப்பே இல்லை, ஆகவே நம் ஒலி அங்கே கெடாமல் இருக்கிறது. 10 காசில் "தஹ் காஸ் தோ ஃபுலூஸ் அஸ்த்" என்று இருக்கும். இரண்டிலும் 5 காசுக்கு ஒரு ஃபுலூஸ்.

விற்பனைக்கு வருகிற 1808 நாணயங்களில் பல, அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து எடுத்தவை. 1809 ஜனவரியில் லண்டனிலிருந்து மதராஸுக்குப் புறப்பட்டு, இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி உடைந்த கப்பல். பீப்பாய் பீப்பாயாகச் செப்புக்காசு ஏற்றியிருந்தார்கள். பீப்பாயின் நடுவில் இருந்தவை புதுக் காசு மாதிரி இருக்கும். ஓரத்தில் இருந்தவை உப்பு அரித்துப் புள்ளி விழுந்து எடை குறைந்திருக்கும். எடை குறைவு என்பதால் மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தின் விளிம்பு வட்டமாக, மெழுகு உருகினதுபோல் இருந்தால் அது வார்ப்பு, சந்தேகப்படலாம்.

கடலில் கிடந்த செம்பைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மேற்படலம் போய்விடும், மதிப்பும் போய்விடும். பச்சை நிறத்தில் மாவு போலப் பூத்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் விட வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரம் ஏறாத உறையில் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரைடு இருக்கிறது. மற்ற செப்புக்காசுகளோடு சேர்த்தும் வைக்க வேண்டாம்.

புதுவரவு | 11 மார்ச், பகல் 12.30

முந்திரிக்கு கேஷ்யூ என்று பெயர் வந்தது "காசுக்கு எட்டு" என்று கூவி விற்றதால் என்கிறார்களே, அதாவது உண்மையா?

நாஞ்சில் | 11 மார்ச், மாலை 5.45

இல்லை. பிரேசிலில் துப்பி மொழியில் அகாஜு. போர்த்துக்கீசியம் அதைக் கஜு ஆக்கியது, பிரெஞ்சு அகாஜூ ஆக்கியது, ஆங்கிலம் கேஷ்யூ ஆக்கியது. மரமே அங்கிருந்து கப்பலில் வந்தது. அதனால்தான் மலையாளத்தில் பறங்கிமாவு, அதாவது பறங்கியரின் மாமரம். மரம் வரும்போதே பெயரும் கூட வந்துவிட்டது. இங்கே கூவி விற்றுப் பெயர் வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ரொக்க ஏடு | 11 மார்ச், இரவு 9.15

இதே ஒலியில் இன்னும் இரண்டு இருக்கின்றன, இவற்றையும் பிரித்து வைத்துவிடலாம்.

கம்ப்யூட்டர் கேஷ் மெமரி: 'மறைத்து வை' என்ற பிரெஞ்சு வினை. ஐபிஎம் 360 வரிசையின் 85-ஆம் மாடலைப் பற்றி எழுதும்போது 1968-இல் இந்தப் பொருளில் அச்சேறியது. தமிழில் எழுதினால் இரண்டும் கேஷ், ஆங்கிலத்தில் எழுத்தே வேறு.

ராணுவ அதிகாரியை அவமானத்தோடு பதவி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் கேஷியர் என்று ஒரு வினை உண்டு. அது பணக் கேஷியர் இல்லை. 'செல்லாதாக்கு, கலைத்துவிடு' என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினை டச்சு வழியாக வந்தது. பணக் கேஷியர், பெட்டியைக் காப்பவர். எழுத்து ஒன்று, மூலம் இரண்டு. கேஷ்–காசு விவகாரத்துக்கு ஆங்கிலத்திலேயே இருக்கும் உடன்பிறப்பு இது.

காசாளர், காசோலை இரண்டும் தமிழில் பிற்காலத்தில் திட்டமிட்டு ஆக்கிய சொற்கள். காசாளர் என்று ஆக்கியவர்கள் கேஷியரின் ஒலியையும் மனத்தில் வைத்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே அந்த ஒலி ஒற்றுமையை மூலத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

சீர்தளை | 12 மார்ச், காலை 10.40

புதுவரவு, அடுத்த படம் வந்தால் நீங்களே சோதிக்க வழி சொல்கிறேன். மற்ற மொழியில் அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் தென்பட்ட ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டுக்குள் நம்மவரும் அவர்களும் சந்தித்திருக்க வேண்டும். அடுத்து, அந்த மொழியின் அக்கம்பக்கத்து மொழிகளில் தேடுங்கள். ஜெர்மனில் கஸ்ஸெ, டச்சில் கஸ், ரஷ்யாவில் ரயில் டிக்கெட் கவுன்டருக்கே கஸ்ஸா. தமிழ்நாட்டோடு வணிகமே செய்யாத ஊர்களிலும் சொல் இருந்தால், மூலம் நாம் அல்ல. மூன்றாவதாக, பழைய பொருள். பின்னோக்கிப் போகப்போக நாணயம் வருகிறதா, பெட்டி வருகிறதா?

கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். நாணயக் கேஷும் தேறும். ரொக்கக் கேஷ் மூன்றிலும் தோற்கும். ஸ்கீட் என்ற ஆங்கிலேயரின் சொற்பிறப்பு அகராதியில் பெரும்பாலான சொல்லுக்குத் தமிழ் மூலம் சொல்லியிருப்பதாக ஒரு செய்தி சுற்றுகிறதே, அந்த அகராதியிலேயே ரொக்கக் கேஷுக்கு பிரெஞ்சுப் பெட்டிதான் மூலம்.

புதுவரவு | 14 மார்ச், இரவு 7.55

தெளிவாகிவிட்டது. ஒன்று மட்டும். சீன நாணயத்துக்கு ஏன் நம் பெயர்? அவர்கள் நம் காசைப் பயன்படுத்தினார்களா?

செப்புக்காசு | 14 மார்ச், இரவு 10.35

இல்லை, சீனர் தங்கள் நாணயத்தை வென் என்றும் சியென் என்றும்தான் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் போர்த்துக்கீசியர். மலபாரில் சில்லறைக்குக் கைஷா என்று சொல்லிப் பழகியவர்கள், மலாக்காவிலும் ஜாவாவிலும் சீனக் கரையின் மக்காவோவிலும் கண்ட சில்லறைக்கும் அதே பெயரைப் போட்டார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்று வாங்கிக்கொண்டார்கள். ஆகவே உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்கள் சதுர ஓட்டை போட்ட சீனச் செம்பைக் கேஷ் என்று சொல்லும்போது, சொல்வது நம் காசைத்தான். அந்தச் சீனக் காசுகள் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் புதையலாகவும் கிடைத்திருக்கின்றன. நாணயம் இங்கே வந்தது சோழர் கால வணிகத்தில். பெயர் அங்கே போனது பல நூற்றாண்டு கழித்து, வேறு கப்பலில்.

நாஞ்சில் | 15 மார்ச், காலை 6.50

கயிற்றில் கோத்த சீனக் காசு சரத்துக்கு 1000 என்றால், எண்ணிப் பார்த்தால் 1000 இருக்குமா?

செப்புக்காசு | 15 மார்ச், இரவு 9.05

பெரும்பாலும் இருக்காது. நூறு நூறாகக் கட்டிப் பத்துக் கட்டு ஒரு சரம் என்பது கணக்கு. செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது நூறு என்று பெயர் சொல்லிக் குறைவாகக் கோப்பது வழக்கமானது. சீனாவின் சோங் அரசு 977-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது: 77 இருந்தால் நூறு என்று கொள். ஆக அரசுக் கணக்கில் ஒரு சரம் 770. வணிகத்தில் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் அதிலும் குறையும். சோங் காலத்து விலைப் பட்டியலை வாசிக்கிறவர்கள் சரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் விலை கால்வாசிக்கு மேல் கூடிப்போகும். 770-ஆல் பெருக்குங்கள், அது அரசுக் கணக்காக இருந்தால்.

நாஞ்சில் | 16 மார்ச், காலை 6.20

இங்கே 448, 456 மாதிரியே அங்கேயும். குறித்துக்கொண்டேன்.